ஊசிக்கு அஞ்சும் திரை

கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமென்டோ’ 2000இல் வந்தது, ஏ.ஆர். முருகதாஸின் ‘கஜினி’ 2005இல் வந்தது. நினைவு நிற்காத நாயகன், உடம்பெல்லாம் பச்சை குத்திய எழுத்து, கையோடு திரியும் போலராய்டு கேமரா என்று முன்னதிலிருந்து பின்னதற்கு வந்தவற்றை அப்போதே எல்லாரும் பட்டியல் போட்டுவிட்டார்கள். வராமல் போனது எது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. நோலனின் படத்துக்குள் ஒரு கிளைக்கதை ஓடுகிறது. சாமி ஜாங்கிஸ் என்பவருக்கும் நினைவு நிற்பதில்லை. அவர் மனைவிக்குச் சர்க்கரை நோய். கணவன் உண்மையிலேயே மறக்கிறாரா, நடிக்கிறாரா என்று சோதிக்க நினைக்கும் அந்த அம்மாள், ஊசி போடும் நேரம் வந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப அவரிடம் சொல்கிறாள். அவரும் ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே பொறுப்பாக இன்சுலினை ஏற்றிப் போடுகிறார். அவள் மயங்கியவள் எழுந்திருக்கவே இல்லை. ‘கஜினி’யில் இந்தக் கிளைக்கதை கிடையாது. கதையின் வேகத்துக்கு அது தேவைப்படாமல் இருந்திருக்கலாம். ஆனால் சர்க்கரை மாத்திரை இல்லாத தெருவே இல்லை என்னும் ஊர்களில் ஓடப்போகும் படத்திலிருந்து, சர்க்கரை நோயாளி ஒருத்திதான் கழன்று விழுந்தாள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். இவ்வளவு பேரைப் பிடித்திருக்கும் நோய் திரையில் எப்படித் தெரிகிறது? நான் சொல்ல வருவது இதுதான். மேற்கத்தியப் படங்கள் இந்த நோயைக் காட்டும்போது ஊசியைத்தான் பயத்துக்குரிய பொருளாக்குகின்றன. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நோயையே காட்டுவதில்லை, காட்டினால் சிரிப்புக்குக் காட்டுகின்றன. இரண்டுமே நோய் உடம்புக்குள் உண்மையில் செய்யும் வேலையை மறைத்துவிடுகின்றன. அந்த வேலையைக் காட்டத் தோதான படவகை ஒன்று உண்டென்றால், அது நாம் ஏளனமாக நினைக்கும் பேய்ப்படம்தான்.

திகில் படங்களிலும் அதிரடிப் படங்களிலும் இந்த நோய் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கெடு. ‘கான் ஏர்’ (1997) படத்தில் கைதிகள் விமானத்தைக் கடத்துகிறார்கள். நாயகனின் நண்பன் பேபி-ஓவுக்கு இன்சுலின் வேண்டும், ஊசிகள் கெட்டுப்போகின்றன. அவனை விட்டுப் போக மனமில்லாமல்தான் நாயகன் விமானத்திலேயே தங்குகிறான். டேவிட் ஃபின்ச்சரின் ‘பேனிக் ரூம்’ (2002) படத்தில் திருடர்களுக்குப் பயந்து தாயும் மகளும் இரும்பு அறைக்குள் பூட்டிக்கொள்கிறார்கள். மகள் சேராவுக்கு உள்ளே சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது. ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ (1975) படத்தில் கொள்ளையர் பிடியில் இருக்கும் வங்கி மேலாளருக்கும் இதே நோய். மருத்துவரை உள்ளே விட வேண்டியதாகிறது. மூன்றிலும் நோயாளியின் வாழ்க்கை நமக்குத் தெரியாது, அவர் உடம்பில் ஓடும் கெடு மட்டும் தெரியும். வெடிகுண்டில் ஓடும் சிவப்பு எண்கள் செய்கிற வேலையை இங்கே ரத்தம் செய்கிறது.

இவற்றுள் ‘பேனிக் ரூம்’ கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய படம், ஏனென்றால் அது பெருமளவு சரியாகச் செய்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை ஏறவில்லை, இறங்குகிறது. இனிப்பாக ஏதாவது கிடைக்குமா என்று தாய் அறையைத் துழாவுகிறாள். கடைசியில் உயிரைப் பணயம் வைத்து வெளியே போய் மருந்துப் பையை எடுத்துவந்து அறைக்குள் எறிகிறாள். உள்ளே மகளோடு இருப்பவன் திருடன். ஃபாரஸ்ட் விட்டேக்கர் நடித்த அந்தத் திருடன்தான் தன் பெரிய கைகளால் அந்தக் குழந்தைக்கு ஊசி போடுகிறான். அந்த ஊசியில் இருப்பது குளுக்கோகான், கல்லீரலில் சேர்ந்துகிடக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும் மருந்து. படம் எடுத்தவர்களுக்கு இது தெரியும். ஆனால் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவருக்கு? சர்க்கரை நோயாளி மயங்கினார், ஊசி போட்டார்கள், பிழைத்தார் என்பதுதான் மனத்தில் தங்கும். ஊசி என்றாலே இன்சுலின்தான் என்று நினைப்பவர் அதே காரியத்தை வீட்டில் செய்தால், இறங்கிக் கிடக்கும் சர்க்கரை இன்னும் இறங்கி ஆளே போய்விடுவார். ‘கான் ஏர்’ இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சறுக்குகிறது. ஒரு வேளை இன்சுலின் தவறினால் நிமிடக் கணக்கில் ஆள் விழுந்துவிடுவதில்லை. ரத்தத்தில் அமிலம் கூடிக் கெடுதல் முற்றப் பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். நிமிடக் கணக்கில் ஆளைச் சாய்ப்பது சர்க்கரை இறங்குவதுதான். திரைக்கதைக்கு நிமிடங்கள் வேண்டும், ஊசியும் வேண்டும். அதனால் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள்.

குழப்பத்தின் உச்சம் ‘ஹான்சல் அண்ட் கிரெட்டல்: விட்ச் ஹண்டர்ஸ்’ (2013). மிட்டாய் வீட்டுச் சூனியக்காரியிடம் சின்ன வயதில் சிக்கிய ஹான்சல், அவள் திணித்த இனிப்பால் ‘சர்க்கரை நோவு’ வந்து, வளர்ந்த பிறகு சில மணிக்கொரு முறை தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு சூனியக்காரிகளை வேட்டையாடுகிறான். கற்பனை என்ற அளவில் சுவாரசியமானதுதான். ஆனால் சின்ன வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் மிட்டாய்க்கும் தொடர்பே இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருவது அது. அந்த நோயுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் படத்தின் மேல் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம். ‘வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்குமா’ என்று நம் திண்ணைகளில் கேட்கும் கேள்விக்கு ஹாலிவுட் முத்திரை குத்திக் கொடுத்தது போல ஆயிற்று.

இன்சுலினைக் கொலைக் கருவியாகக் காட்டும் வரிசை தனி. அதற்கு நிஜத்தில் வேர் உண்டு. 1957இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கென்னத் பார்லோ என்ற ஆண் செவிலியர் மனைவியை இன்சுலின் ஏற்றிக் கொன்றதாக நிரூபிக்கப்பட்டது. இன்சுலின் கொலை நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்ட முதல் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். மனைவிக்கு இன்சுலின் ஏற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, தண்டனை பெற்று, 1985இல் மறுவிசாரணையில் விடுதலையான கிளாஸ் ஃபோன் பூலோவின் கதை ‘ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்’ (1990) ஆயிற்று. அதில் நடித்த ஜெரமி அயர்ன்ஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ‘மெமென்டோ’வும் இந்த வரிசையில் சேரும். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனின் உடம்பில் முதன்முதலாக ஏறிய இந்த மருந்து, அதற்கு முன்பு பட்டினிப் பத்தியத்தில் எலும்பும் தோலுமாகச் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு உயிர் கொடுத்தது. அந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ‘குளோரி இனஃப் ஃபார் ஆல்’ (1988) என்று ஒரு கனடா தொலைக்காட்சிப் படம் உண்டு. எத்தனை பேர் பார்த்தார்கள்? விஷமாக வந்த இன்சுலினை உலகம் பார்த்தது.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. ‘ஸ்டீல் மக்னோலியாஸ்’ (1989) படத்தில் அழகு நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஷெல்பிக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது, அவள் முரண்டு பிடிக்கப் பிடிக்கத் தாய் பழச்சாற்றைப் புகட்டுகிறாள். ஊசி இல்லை, ஓட்டம் இல்லை, சுற்றி நிற்கும் பெண்கள் வாயடைத்துப் பார்க்கிறார்கள். கதாசிரியர் ராபர்ட் ஹார்லிங் இதே நோயால் இறந்த தன் தங்கையை நினைத்து எழுதியது அது. பக்கத்திலிருந்து பார்த்தவர் கை காட்சியில் தெரிகிறது. ‘காட்ஃபாதர்’ மூன்றாம் பாகத்தில் (1990) கார்டினலோடு பேசிக்கொண்டிருக்கும் மைக்கேல் கோர்லியோனி தள்ளாடி, இனிப்புக் கேட்டு வாங்கித் தின்று தெளிகிறான். ஊரையே நடுங்க வைத்தவன் மிட்டாய்க்குக் கை நீட்டும் அந்த இடம் படத்திலேயே எனக்குப் பிடித்த இடம். ‘சோல் ஃபுட்’ (1997) ஒரு கறுப்பினக் குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமை விருந்தையும், அதைச் சமைக்கும் தாயின் காலை எடுக்கும் அறுவையையும் ஒரே கதைக்குள் வைத்தது. விருந்தும் புண்ணும் ஒரே வீட்டில் இருக்கும் என்று காட்டிய வகையில் நம் குடும்பங்களுக்கு மிக அருகில் வருவது அந்தப் படம்.

தமிழுக்கு வருவோம். நம் சினிமாவுக்கு நோய் பிடிக்கும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) முதல் ‘வாழ்வே மாயம்’ (1982), ‘உத்தம வில்லன்’ (2015) வரை புற்றுநோயும் கட்டியும் எத்தனையோ காதலையும் பாசத்தையும் தாங்கியிருக்கின்றன. மறதிநோய் ‘மூன்றாம் பிறை’யில் இருக்கிறது, பிளவுபட்ட மனம் ‘சந்திரமுகி’யில் இருக்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவரை நடுவில் வைத்து, பார்த்தவர் மனத்தில் நிற்கும்படி எடுத்த படம் எது என்றால் சட்டென்று ஒரு பெயர் வராது. வருவதெல்லாம் ஒளித்து வைத்து லட்டு தின்னும் அப்பா, மருமகள் கொடுத்த சர்க்கரை போடாத காபியைப் பார்த்து முகம் சுளிக்கும் மாமனார். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். திரையில் புற்றுநோய் நாயகனின் முகத்தைக் கெடுப்பதில்லை. இரண்டு முறை இருமினால், மூக்கில் ரத்தம் வந்தால் போதும். சர்க்கரை நோய் தருவது ராத்திரி நாலு முறை எழுந்து போகும் மூத்திரம், மரத்துப்போன பாதம், நாற்றமடிக்கும் புண், மங்கும் கண். இதில் டூயட்டுக்கு இடமில்லை. இந்தியில் ‘கூப்சூரத்’ (2014) படத்தின் ஜோடியான சோனம் கபூர், ஃபவாத் கான் இருவருமே தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதைப் பொதுவெளியில் சொன்னவர்கள். நடிகர்களிடம் நோய் இருக்கிறது, பாத்திரங்களிடம்தான் இல்லை.

உடம்பு அழுகுவதைக் காட்ட நம் திரை அஞ்சியது என்றும் சொல்ல முடியாது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி, திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக் கண்ணீர்’ (1954) தொழுநோயை முகத்துக்கு நேராகக் காட்டியது, எம்.ஆர். ராதாவின் அந்த உருவமும் குரலும் இன்றைக்கும் அழியவில்லை. ஆனால் அந்தக் கதையில் நோய் என்பது கூலி. தாயை மிதித்தவன், மனைவியை விட்டவன், தாசி வீட்டில் கிடந்தவன், அதனால் வந்தது. தொழுநோயாளி என்றால் ஏதோ செய்திருப்பான் என்ற பழைய எண்ணத்தை, பகுத்தறிவு பேசிய ஒரு படமே உறுதிப்படுத்தியது விசித்திரம். மருத்துவம் அதே ஆண்டுகளில் இதற்கு நேர் எதிரான பாதையில் போய்க்கொண்டிருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி செத்துப்போனதால் காயம் தெரியாமல் மேலும் மேலும் காயம் பட்டே தேய்கின்றன என்று காட்டினார். வலி என்பது காவல் என்றது அவர் வாதம். அந்தப் புரிதலும், அதிலிருந்து பிறந்த மென்ரப்பர் செருப்பும், பின்னாளில் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் உதவின. இரண்டு நோயிலும் கெடுவது நரம்பு, உணராதது கால். இதெல்லாம் நம் பக்கத்து மண்ணில் நடந்த வேலை. வேலூர் ஒரு பக்கம். மறுபக்கம் செங்கல்பட்டு திருமணியில் 1955இலிருந்து நடக்கும் மத்திய தொழுநோய் ஆய்வு நிலையம். நடுவில் நம் உத்திரமேரூர் வட்டாரம்.

இந்த வட்டாரத்தில் சர்க்கரை நோயைப் பட்டணத்துக்காரர் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய் வெகுநாளாயிற்று. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், இப்போது செங்கல்பட்டில் சேர்ந்திருக்கும் சூணாம்பேட்டையைச் சுற்றிய 42 கிராமங்களில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் 2006இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விழித்திரையைப் படமெடுக்கும் கருவியும் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்கும் கருவியும் ஏற்றிய வண்டி ஊர் ஊராகப் போனது. இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையிலிருந்த மருத்துவர்கள் பார்த்தார்கள். நோய் கிராமத்துக்கு வந்துவிட்டது என்பதை மறுக்க முடியாதபடி காட்டிய முயற்சிகளில் அது ஒன்று. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இப்போது மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை வந்துவிட்டது, பயம் சரியான இடத்துக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. ‘ஊசி வரைக்கும் போயிட்டா அவ்வளவுதான்’ என்பது ஊர்ப்பேச்சு. இன்சுலின் எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரியை மாற்றுபவர் உண்டு, நாட்டு மருந்துக்குப் போய்விடுபவர் உண்டு. அதே ஆள் வெறுங்காலில் நாற்றங்காலில் இறங்குவார், நூறு நாள் வேலைக்குப் போவார், குதிகாலில் வெடிப்பு இருப்பதைப் பார்க்கவே மாட்டார். ‘விரல் எடுத்துட்டாங்க’ என்று சேதி வரும்போதுதான் புண்ணைப் பற்றிப் பேச்சு வரும். காப்பாற்றும் பொருளைக் கண்டு நடுங்குகிறோம், கெடுக்கும் பொருளைப் பார்ப்பதே இல்லை. இந்தப் பயத்தைச் சினிமாதான் விதைத்தது என்று நான் சொல்லவில்லை. ஊசித் தயக்கம் உலகம் முழுவதும் மருத்துவர்கள் பார்ப்பது. ஆனால் அந்தப் பயம் தப்பான திசையில் நிற்கிறது, அதைத் திருப்பும் வலு திரைக்கு இருந்தும் திரை செய்யவில்லை.

சினிமா என்ன பாடப்புத்தகமா என்று கேட்பார்கள். இல்லைதான். விமானம் பறப்பதையும் துப்பாக்கி சுடுவதையும் தப்பாகக் காட்டும் படங்களை நாம் ரசிக்கவே செய்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், படம் பார்த்துவிட்டு யாரும் விமானம் ஓட்டப் போவதில்லை; சர்க்கரை இறங்கிய மாமியாரைப் படம் பார்த்துவிட்டு வந்த மருமகள்தான் கவனிக்க வேண்டும். திரையில் பார்ப்பது மனத்தில் ஏறாது என்ற வாதத்தை அரசே ஏற்றுக்கொள்ளவில்லை. 2012 அக்டோபரிலிருந்து, புகைக்கும் காட்சி உள்ள படங்களில் எச்சரிக்கை வாசகமும், படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் புகையிலையின் கேட்டைச் சொல்லும் குறும்படமும் கட்டாயமாயின. வாய்ப் புற்றுநோய்க்கு இவ்வளவு செய்த திரை, கால் புண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. நோயைப் பேய்ப்படத்தில் வைத்தால் நோயாளிதானே பேயாவார்? ‘ரத்தக் கண்ணீர்’ செய்ததைத்தானே மறுபடி செய்யச் சொல்கிறீர்கள்? ஆபத்து உண்மையானது. ஆனால் பேய்ப்படங்கள் எல்லாம் கோர உருவத்தை நம்பி எடுக்கப்படுபவை அல்ல. 2009இல் வந்த இரண்டு படங்களைப் பாருங்கள். அறிவழகனின் ‘ஈரம்’ தண்ணீரைக் கண்டால் பயம் வரச் செய்தது. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரைக் கண்டு பயப்பட வைத்தது. வீட்டுக்குள் நாம் கவனிக்காத ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்ல இந்த வகைப் படத்துக்குத் தெரியும். சர்க்கரை நோயும் அதைத்தான் செய்கிறது. மெதுவான நோயில் நாடகம் இல்லை என்பவர்களுக்கும் இதுவே பதில்.

எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைச் சொல்லிப் பார்க்கிறேன். கத்திரி வெயில், நடுப்பகல், கோயில் பிராகாரம். கருங்கல் தளம் கொதிக்கிறது. தேங்காய்த் தட்டோடு வரும் கூட்டம் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, நிழல் தேடித் தாவித் தாவி ஓடுகிறது. ஒரு பெரியவர் மட்டும் நிதானமாக நடக்கிறார். முகத்தில் சலனமே இல்லை. பார்க்கிறவர்கள் அம்மன் அருள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். கேமரா கீழே இறங்கி அவர் பாதத்துக்கு வருகிறது. அவருக்குச் சுடவே இல்லை. சாயங்காலம் பேத்தி காலைப் பார்த்து அலறும்போதுதான் கொப்புளம் அவருக்கே தெரிகிறது. இதில் நோயாளி பேயில்லை, அவரைக் கண்டு யாரும் அருவருக்கப் போவதுமில்லை. வலிக்காததுதான் இங்கே பேய். இன்னொன்றும் உண்டு. நம் பேய்ப்படங்களில் பேய் பிடித்த பெண்ணுக்குக் கொடுக்கும் அடையாளங்களை எண்ணிப் பாருங்கள்: உடம்பெல்லாம் வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு, கட்டின புருஷனையே தெரியாத பார்வை, திடீர் ஆவேசம். நடுராத்திரியில் சர்க்கரை இறங்கியவருக்கும் இவையே வரும். காத்துக் கருப்பு என்று திருநீறு தேடும் நேரத்தில் உயிர் போகக்கூடும். ‘சந்திரமுகி’ பேயை மனநோயாக மாற்றிக் காட்டி வெற்றி பெற்ற ஊரில், பேயைச் சர்க்கரையாக மாற்றிக் காட்ட ஒரு இயக்குநர் கிடைக்காமலா போவார்?

பயமுறுத்தினால் ஜனங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் ஒதுங்கிவிடுவார்கள் என்று மருத்துவர்கள் சொல்லக்கூடும். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வழி காட்டாத பயம் ஆளை முடக்கும். ஆனால் இப்போது இருப்பதும் பயம்தான், அதுவும் ஊசியின் மேல் இருக்கும் பயம். ஊசிக்குப் பழச்சாற்றின் சாதாரணத்தனத்தைக் கொடுத்து, வலியில்லாத புண்ணுக்குத் திகிலைக் கொடுப்பது பயத்தைக் கூட்டுவதாகாது, இடம் மாற்றுவது. ‘டர்னிங் ரெட்’ (2022) என்ற பிக்ஸார் படத்தில் பின்னணியில் நிற்கும் ஒரு சிறுமியின் கையில் சர்க்கரை அளவு காட்டும் கருவி ஒட்டியிருக்கும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவ்வளவு போதும். அந்த நோயுள்ள பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள்.

திரைக்கதை எழுதுபவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அடுத்த முறை உங்கள் கதையில் ஒரு சர்க்கரை நோயாளி வியர்த்து விறுவிறுத்துத் தள்ளாடினால், பக்கத்திலிருப்பவர் கையில் ஊசியைக் கொடுக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுங்கள். வாசகர்களும் இதை வீட்டில் சொல்லி வையுங்கள்: நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும்.